முயலுக்கு வைத்த கம்பி

என் வலது கால் தொடையோடு முடிகிறது. மெட்ரோவில் எழுந்து இடம் கொடுப்பவர்கள், கொடுத்த உரிமையில், எப்படி ஆயிற்று என்று கேட்பார்கள். விபத்து என்று சொல்லிவிடுவேன். அதற்குள் அவர்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிடும். ஆனால் விபத்து என் எலும்பை முறித்தது, அவ்வளவுதான். காலை எடுத்துக்கொண்டது வேறு. எலும்புக்குள் கம்பி வைத்துக்கொண்டு, காய்ச்சல் ஏன் விடவில்லை என்று புரியாமல் இப்போதும் யாராவது ஒரு வார்டில் படுத்திருப்பார்கள். எனக்கு அப்போது ஒருவர் இதையெல்லாம் சொல்லியிருந்தால் கொஞ்சம் குறைவாகப் பயந்திருப்பேன். அதனால் எழுதுகிறேன். அது மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது.

எங்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம். அப்பா மத்திய அரசு வேலையில் தில்லிக்கு வந்தவர். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில்தான் நானும் அக்கா கோமதியும் வளர்ந்தோம். ஓய்வு பெறும் சமயத்தில் அப்பா ஜனக்புரியில் முதல் மாடியில் ஒரு வீடு வாங்கினார். அதில் அதிக நாள் வாழாமல் போய்விட்டார். பிறகு அந்த வீட்டில் அம்மாவும் நானும். எனக்கு ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அக்காவுக்குக் கல்யாணமாகி, அத்தான் கடற்படையில், பாதி நாள் கப்பல், பாதி நாள் கொச்சி. அவள் தெற்கு தில்லியில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானி. வளாகத்துக்குள்ளேயே தங்கியிருந்தாள்.

அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எலும்பு முறிந்தால் டைட்டானியம் கம்பி வைக்கிறார்கள். அந்தக் கம்பியில் கிருமி பிடித்துக்கொள்ளாமல் இருக்க, கம்பியே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட வேண்டும். அதற்காக டைட்டானியத்தை ஒரு திரவத்தில் முக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் வைக்கோல் கட்டை நிறுத்திவைத்த மாதிரி நெருக்கமாக முளைத்து நிற்கும். தலைமுடியின் குறுக்களவில் அப்படி நூற்றுக்கணக்கில் நிற்கும் என்பாள். அந்தக் குழாய்களுக்குள் மருந்தை நிரப்பி, வாயை இறால் ஓட்டிலிருந்து எடுத்த ஒரு பசையால் மெல்லிசாக மூடுவார்கள். பசை கரையக் கரைய மருந்து இறங்கும். இறால் ஓடு என்றதும், பரம்பரைச் சைவமான அம்மா, அதை மட்டும் வெளியே சொல்லாதே என்றாள்.

மற்றதை அம்மா எல்லாரிடமும் சொன்னாள். தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் அக்காவின் படம் போட்டு, இனி எலும்புக் கம்பியில் கிருமித் தொற்றே இருக்காது என்கிற மாதிரி ஒரு செய்தி வந்திருந்தது. அக்காவுக்கு அதில் சங்கடம்தான். அவ்வளவு தூரம் நாங்கள் இன்னும் போகவில்லை என்று நிருபரிடம் சொன்னாளாம், அவர் எழுதவில்லை. கோயிலுக்கு வருகிறவர்கள், எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மா, எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தாயிற்று.

அந்த மழைக்காலத்தில்தான் நான் விழுந்தேன். அலுவலகம் விட்டு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் இட்லி அரிசியும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது நல்ல மழை. சாலையில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளம் தெரியவில்லை. விழுந்தவன் மேல் பின்னால் வந்த வண்டி ஏறி இறங்கியது. வலி உடனே வரவில்லை. கிடந்த இடத்திலிருந்து கணுக்காலைப் பார்த்தேன், அது திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து சாக்கடைத் தண்ணீரில் கிடந்தது.

கொண்டுபோன அரசு மருத்துவமனையில் அன்று என்னைப் பார்த்த சர்ஜன்தான் கடைசிவரை எனக்கு வைத்தியம் செய்தார். என் வயதுதான் இருக்கும். எப்போதும் தூக்கம் போதாத கண்கள். எலும்பு வெளியே வந்த முறிவு வேறு, உள்ளேயே முறிவது வேறு என்று முதல் நாளே ஹிந்தியில் நிதானமாக விளக்கினார். தெருவின் அழுக்கு எலும்புக்குள் போயிருக்கிறது, எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போனதா என்று சொல்ல முடியாது. காயத்தைக் கழுவி, அழுகிய சதையை வெட்டி, வெளியே ஒரு இரும்புச் சட்டம் மாட்டினார். காயம் ஆறி வந்ததும் சட்டத்தை எடுத்துவிட்டு எலும்பின் நடுக்குழிக்குள் நீளமாக ஒரு கம்பி செலுத்தினார். வீட்டுக்குப் போகலாம் என்றார்.

வீட்டுக்குப் போன பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. சாயங்காலமானால் லேசான குளிர். காலின் தையலில் ஒரு ஓரம் சிவந்தது. அம்மா துடைத்துவிடும்போது ஒரு நாள் அதிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு வந்தது. துணியை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அக்காவுக்கு போன் செய்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

மறுபடியும் அதே வார்டு. சீழை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. அதன் முடிவு வருவதற்குள் எவ்வளவோ முறை ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனுக்காக நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் நேரம்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. போகிறவர்கள் எல்லாரும் கால் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்கள்.

முடிவு வந்தது. பெரும்பாலான மருந்துகளுக்கு அசையாத கிருமி. அக்கா என் கட்டிலில் உட்கார்ந்து அதை எனக்குப் புரியும்படி சொன்னாள். கிருமிகள் கம்பியில் ஒட்டிக்கொண்டதும் தங்களைச் சுற்றி வழவழப்பாக ஒரு படலம் கட்டிக்கொள்ளும். குளத்துப் படியில் பாசி படிவது மாதிரி. படலத்துக்குள் போய்விட்டால் ரத்தத்தின் வழியாக வரும் மருந்து அங்கே சரியாக எட்டாது. எட்டும் அளவுக்குக் கூட்டினால் சிறுநீரகம் கெடும். என் கிருமிக்கு மிச்சமிருந்த மருந்து அப்படிப்பட்டது. வேறு எதுவும் கேட்காதபோது கொடுப்பது.

“கம்பியே மருந்து விட்டா பிரச்சினையே இல்லல்லா” என்று நான்தான் சொன்னேன். விளையாட்டாகச் சொன்னது. அக்கா என் போர்வையைச் சரி செய்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சர்ஜன் கம்பியை எடுத்தார். அதற்குப் பதில் வேறொன்று வைத்தார், அதைத் தன் கையாலேயே செய்தார். எலும்புக்குப் பயன்படுத்தும் சிமென்ட் என்று ஒரு பொடி இருக்கிறது. அதில் மருந்தைக் கலந்து குழைத்து, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய கம்பியை நிறுத்தி, சுற்றிலும் சிமென்டை ஊற்றி, இறுகியதும் குழாயைக் கீறி உரித்துவிடுவார்கள். மருந்து பூசிய கம்பி தயார். அதை எனக்குச் சொல்லும்போது அந்தக் களைத்த கண்களில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. அக்காவும் ஆர்வமாகக் கேட்டாள். இருவரும் என்னை மறந்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் போன பிறகு, நல்ல வழிதான், ஆனால் ஒரு குறை உண்டு என்றாள். சிமென்டிலிருந்து மருந்து முதல் சில நாளிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கே பாயசம் தீர்ந்துபோவது மாதிரி. பின்னால் வருகிறவர்களுக்கு வெறும் வாசனைதான். அதற்குள் கிருமி செத்துவிட வேண்டும்.

சாகவில்லை.

அந்த வாரங்களில் அம்மா தினமும் ஜனக்புரியிலிருந்து மெட்ரோ மாறி மாறி வந்தாள். தூக்குச்சட்டியில் ரசம் சாதம், பருப்புத் துவையல். முழங்கால் வலிக்காரி, எஸ்கலேட்டருக்குப் பயந்தவள். பக்கத்துக் கட்டிலில் ரோத்தக் பக்கத்து விவசாயி ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். அவருடைய மனைவி என் அம்மாவுக்குத் தன் போர்வையில் பாதியைத் தரையில் விரித்துக்கொடுப்பார். அவருக்குத் தெரிந்தது ஹரியானா ஹிந்தி, அம்மாவின் ஹிந்தி காய்கறிக் கடையோடு சரி. மதியத்தில் இருவரும் படுத்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே இருப்பார்கள். பணத்தைப் பற்றி நான் கவலைப்படக் கூடாது என்று அக்கா எனக்குத் தெரியாமலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள்.

எனக்கு நொய்டாவில் ஒரு பெண்ணைப் பேசிவைத்திருந்தார்கள். இரண்டு முறை சந்தித்து காபி குடித்திருக்கிறோம், அடிக்கடி போனில் பேசியிருக்கிறோம். இரண்டாம் முறை நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் அவர்கள் வீட்டில் ஜாதகத்தை மறுபடி ஒரு ஜோசியரிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. அவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள், அதனால்தான் பார்க்க வரவில்லை என்றாள். அக்காவிடம் கேட்டேன், அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டாள். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் குரல் இனிமேல் கேட்காது என்பதுதான் சாயங்காலங்களில் தொந்தரவு செய்தது.

ரத்தத்தில் கிரியேட்டினின் என்று ஒன்று பார்ப்பார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது. அது ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள். என்னுடையது ஏறிக்கொண்டே போயிற்று. மருந்தைக் குறைத்தால் காய்ச்சல், கூட்டினால் சிறுநீரகம். கிருமி முழங்கால் மூட்டு வரை வந்துவிட்டது. சர்ஜன் ஒரு நாள் காலை ரவுண்டில் மற்ற டாக்டர்களை அனுப்பிவிட்டுத் தனியாக என் கட்டிலருகே நின்றார். காலைக் காப்பாற்றப் பார்த்தால் உங்களைக் காப்பாற்ற முடியாமல் போகலாம் என்றார். முழங்காலை விட்டுவைக்க முடியுமா என்று கேட்டேன். அதை என்னால் அவ்வளவு சாதாரணமாகக் கேட்க முடிந்தது எனக்கே ஆச்சரியம். முடியாது என்றார்.

அன்று மாலை அக்கா வருவதற்காக அம்மா வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா வந்து பையைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் அம்மா கேட்டாள்.

“ஏட்டி, இவன் காலை எடுக்கணும்னு சொல்லுதாங்க.”

“தெரியும்மா. டாக்டர் எங்கிட்ட பேசினாரு.”

“நீ செய்யுதது எதுக்குட்டி? கம்பில கிருமி பிடிக்காம இருக்கத்தான?”

அக்கா பையைக் கீழே வைத்தாள்.

“பேப்பர்ல போட்டிருந்தான்லா.”

“அம்மா, அத இன்னும் மனுசங்களுக்கு வைக்கல. முயலுக்குத்தான் வச்சுப் பாத்துட்டு இருக்கோம்.”

அம்மா அவளையே பார்த்தாள். குரல் உயரவில்லை.

“முயலுக்கு வச்சிருக்க. உன் தம்பிக்கு வைக்க மாட்டியா?”

பக்கத்துக் கட்டில் அம்மாள் என்ன நடக்கிறது என்று புரியாமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா விளக்க முயன்றாள். எவ்வளவு மருந்து மனித உடம்புக்குச் சரி என்று இன்னும் தெரியாது. பூச்சு உரிந்து எலும்புக்குள் உதிர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. அனுமதி என்பது வெறும் காகிதமில்லை, தெரியாததைத் தெரிந்துகொள்ளும் வரை காத்திருப்பதுதான். எல்லாம் உண்மை. அம்மாவின் காதில் அதெல்லாம் சட்டம் பேசுவதாகத்தான் விழுந்தது.

அடுத்த நாள் அக்கா ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்தாள். அதைத் திறந்து அம்மாவின் உள்ளங்கையில் கவிழ்த்தாள். பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சி அளவில் ஒரு ஊசி. ஜன்னல் வெளிச்சத்தில் லேசாக ஊதா நிறம் ஓடியது. முயலின் எலும்புக்கு அவ்வளவுதான் வைக்க முடியும். இருப்பது இதுதான் அம்மா, இவன் எலும்பு அளவுக்கு இன்னும் ஒன்றுகூடச் செய்ததில்லை, பெரிசாகச் செய்யும்போது பூச்சு ஒரே சீராக வருவதில்லை, அதற்குத்தான் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

அம்மா அந்த ஊசியை விரலால் உருட்டிப் பார்த்தாள். டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தாள். சின்னதாகச் செய்யத் தெரிந்தவளுக்குப் பெரிசாகச் செய்யத் தெரியாதா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அதன் பிறகு அவள் அக்காவிடம் பேசவில்லை. சண்டை இல்லை, சாபம் இல்லை. அக்கா ஒன்று கேட்டால் பதிலை என்னிடம் சொல்வாள்.

எனக்கு மட்டும் ஆசை இல்லாமல் இருந்ததா? அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது நானும் கேட்டேன்.

“அக்கா, நெஜமா ஒண்ணும் பண்ண முடியாதா?”

“முடியாதுல.”

“என் அளவுக்கு ஒண்ணு இருந்திருந்தா?”

அவள் என் கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியது.

“இருந்திருந்தா என்ன பண்ணிருப்பேன்னு தெரியல. அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்தை நானே போட்டேன். சாட்சியாக ஒருவர் வேண்டும். அம்மா போட மறுத்தாள். அக்கா போட்டாள்.

மயக்கம் தெளிந்தபோது முதலில் காய்ச்சல் இல்லை என்பது தெரிந்தது. அவ்வளவு நாளாக உடம்பில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோயிருந்தது. நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியே எனக்கு அவமானமாகவும் இருந்தது. போர்வை இடது பக்கம் கால் முழுக்க மேடாக இருந்தது, வலது பக்கம் பாதியில் தட்டையாகிவிட்டது. நான் அதைப் பார்க்கிறேனா என்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லாத காலில் வலி வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காலுக்குச் செல்லும் நரம்பு அறுந்தாலும் மூளையில் அந்தக் காலின் இடம் அப்படியே இருக்குமாம். எனக்கு வலியைவிட அரிப்புதான் அதிகம், உள்ளங்காலில். ஒரு மத்தியானம் அரைத்தூக்கத்தில், அம்மா கால் அரிக்குது என்றேன். அவளும் கண்ணயர்ந்திருந்தாள். சட்டென்று எழுந்து, என் சின்ன வயதில் செய்ததுபோல, கட்டிலின் கால்மாட்டில் கையை நீட்டினாள். கை வெறும் மெத்தையில் விழுந்தது. எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

அரிப்பு நின்றுவிட்டது என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அலுவலக நண்பர்கள் நாற்காலியோடு என்னைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற்றினார்கள். எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மா குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதிக்கத் தன் மருமகனை அனுப்பினார். மெல்ல மெல்ல ஊன்றுகோல், பிறகு செயற்கைக் கால். புண் ஆறுவதற்குள் பொருத்தினால் தோல் கிழியும், ஆறிய பிறகும் தொடை சுருங்கச் சுருங்க அளவு மாறிக்கொண்டே இருக்கும். அதெல்லாம் பொறுமை இருந்தால் பழகிவிடும். பழகாதது அம்மாவும் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகள். அக்கா வருவாள். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். சாதம் மேடையில் இருக்கும், யாருக்கென்று சொல்லாமல். அக்கா தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள்.

அப்படி வந்த ஒரு நாளில் என்னிடம் ஒன்று கேட்டாள். என் எலும்பிலிருந்து எடுத்த கிருமியை மருத்துவமனை ஆய்வகத்தில் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட முரட்டுக் கிருமிகளின் மேல்தான் தன் பூச்சைச் சோதிக்க வேண்டும். முறைப்படி எல்லா அனுமதியும் வாங்கியாயிற்று, ஆனால் நீ வேண்டாம் என்றால் இதை மட்டும் விட்டுவிடுகிறேன் என்றாள். செய் என்றேன். அந்தக் கிருமிக்கு நான் மிச்சம் வைக்க என்ன இருக்கிறது?

அதன் பிறகு சில ஞாயிறுகள் அவள் வரவில்லை. வந்த அன்று நான் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன், குளிர்கால வெயில். அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியதை நான் கேட்டேன்.

“செத்துட்டு” என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை.

“அந்தக் கிருமி. பூச்சு போட்ட தகடு மேல விட்டோம். படலமே கட்டல. நாளு கூடக் கூட மருந்து இறங்கிட்டே இருந்துது. எல்லாம் செத்துட்டு. நம்ப முடியாம மறுபடி மறுபடி பண்ணிப் பாத்தேன்.”

பிறகு அவசரமாக, அது கண்ணாடித் தட்டு, எலும்பு இல்லை, உடம்புக்குள் இப்படித்தான் நடந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது என்றாள். அது எனக்கும் தெரியும். ஒரு விஞ்ஞானிக்கு அதைவிட நல்ல முடிவு வராது. அவள் துக்கம் சொல்ல வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் இல்லாத காலைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்தாள்.

திரும்பினால் கதவருகே அம்மா. எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அக்காவைப் பார்த்து நேராகக் கேட்டாள்.

“என்ன ஆச்சு? அந்தக் கிருமிக்கு உன் மருந்து கேட்டுதா?”

அக்கா வாயைத் திறந்தாள். அவள் உண்மையைத்தான் சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டேன்.

“கேக்கலம்மா. அதுக்கும் அது அசையலையாம். வச்சிருந்தாலும் காலு போயிருக்கும்.”

அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. ஒரு எண் கடைசிப் புள்ளியில் பிசகினால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி செய்கிறவள், தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டாள்.

“அப்ப நீ என்னட்டி செய்வ” என்றாள் அம்மா. உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. “ஏட்டி, ஆறிப்போவுததுக்குள்ள சாப்பிட வா.”

அம்மாவே பரிமாறினாள். புளிக்குழம்பும் அப்பளமும். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, மெலிஞ்சு போயிருக்க என்று அக்காவின் முதுகில் கை வைத்தாள். அக்கா குனிந்தே சாப்பிட்டாள். கண்ணீர் சாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. அம்மா தன் மௌனத்துக்காக அவள் அழுகிறாள் என்று நினைத்து, விடுட்டி விடுட்டி என்று தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அதன் பிறகு வீடு பழையபடி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தம் இருந்தது. அக்காவின் வேலை முயலிலிருந்து ஆட்டுக்குப் போயிற்று, அம்மா அதையும் கோயிலில் சொன்னாள். என் கிருமியின் முடிவு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில் வெளிவந்திருக்கிறது, பெயரில்லாமல், ஒரு நோயாளி என்று. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது.

இந்த வருஷம் மாசியில், மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதனால்தான் இதையெல்லாம் தமிழில் எழுத முடிகிறது.

காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ரயிலேறிய பிறகு, நானும் அக்காவும் வீட்டைப் பெருக்கித் துடைத்தோம். அம்மாவின் சேலைகளை மடித்துக்கொண்டே அக்கா சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

“அம்மா என்னய மன்னிக்கவே இல்லல. நீ சொன்னதத்தான் மன்னிச்சா.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைசிவரை பேசாமலே போயிருக்கலாம். ஒரு நாள் அவளாகவே மனம் இளகி வந்திருக்கவும் கூடும். அதைத் தெரிந்துகொள்ளும் வழியை அக்காவிடமிருந்து நான் எடுத்துவிட்டேன். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல முடியவில்லை.

கோயிலில் கொடுக்க வேண்டிய சேலைகளை அவள் ஒரு பையில் கட்டினாள். இருட்டுவதற்குள் போய் வந்துவிடலாம் என்றாள். நான் செயற்கைக் காலை மாட்டி வாரை இழுத்துக் கட்டினேன். மாடிப்படி செங்குத்தானது. அவள் ஒரு படி முன்னால் இறங்கி நின்றாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.